அப்பாவின் சங்கீதக் குறிப்புகள்: வசனத்தோடு இணைத்தால் எண் இடறுகிறது

உபதேசியார் மகள்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துப் படியுங்கள்.

என் அப்பா தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் 31 வருஷம் உபதேசியாராக இருந்தார். பிரசங்கத்துக்காக அவர் எழுதி வைத்தது இரண்டு விதம். ஒன்று, அவருடைய பழைய வேதாகமம். பைண்டரிடம் கொடுத்து, தாளுக்குத் தாள் நடுவில் வெள்ளைத்தாள் வைத்துத் தைத்து வாங்கியிருந்தார். வசனம் ஒரு பக்கம், அதற்கு நேர் எதிரே அவருடைய கையெழுத்து. அந்த இடமும் தீர்ந்தபின் நீளக் கோட்டு நோட்டுகளில் எழுத ஆரம்பித்தார். அப்படி மூன்று நோட்டு. சங்கீதமும் சின்னத் தீர்க்கதரிசிகளும்தான் பெரும்பாலும்.

அம்மாவுக்கு 78 வயது. அச்சுப் புத்தகம் வாசிக்க முடியவில்லை. போனில் எழுத்தைப் பெரிதாக்கி மைபைபிள் செயலியில் தமிழ் வேதாகமம் வாசிக்கிறாள். வசனத்தைத் தொட்டால் அப்பாவின் குறிப்பு திறக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒன்பது மாதமாக உட்கார்ந்து முதல் இரண்டு நோட்டையும் எக்செல்லில் தட்டச்சு செய்துவிட்டேன். மொத்தம் 612 குறிப்பு. அண்ணன் மகன் அதை செயலி கேட்கிற வடிவத்துக்கு மாற்றித் தந்தான். முதல் தடவை ஒன்றுமே வரவில்லை. அவன் இ-சுவோர்ட் என்ற வேறொரு வேதாகம மென்பொருளில் பழகியவன், சங்கீதத்துக்கு 19 என்று புத்தக எண் போட்டிருந்தான். மைபைபிளில் எண்கள் பத்து பத்தாகப் போகின்றன, ஆதியாகமம் 10, சங்கீதம் 230, மத்தேயு 470 என்று. அதைத் திருத்தினோம். குறிப்புகள் வந்தன. அப்புறம்தான் உண்மையான தலைவலி.

அப்பா சில குறிப்புகளை "சங் 51:1–6" என்று சேர்த்து எழுதியிருக்கிறார். அது முதல் வசனத்தில் மட்டும் வருகிறது. அம்மா நாலாம் வசனத்தில் இருந்தால் ஒன்றும் இல்லை.

அதைவிடப் பெரியது இது. முதல் நோட்டில் எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. இரண்டாம் நோட்டில் பாதிக்கு மேல் பொருந்தவில்லை. ஓர் உதாரணம் தருகிறேன்: "சங் 51:12. சிருஷ்டியும் — ஆதி 1:1இல் உள்ள அதே வினை. பழுது பார்ப்பது அல்ல, இல்லாததை உண்டாக்குவது." ஆனால் நம் வேதாகமத்தில் 'சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்' என்பது 10ஆம் வசனம். 12 என்பது இரட்சணியத்தின் சந்தோஷத்தைப் பற்றியது. இரண்டு வசனம் தள்ளி எழுதியிருக்கிறார். 46ஆம் சங்கீதத்தில் 'அமர்ந்திருந்து' என்ற சொல்லுக்கு 11 என்று போட்டிருக்கிறார், அது 10. அங்கே ஒன்று தள்ளி. 23ஆம் சங்கீதத்திலும் 32ஆம் சங்கீதத்திலும் எல்லாம் சரியாக இருக்கிறது. இதில் என்ன ஒழுங்கு என்றே பிடிபடவில்லை.

இன்னும் சில குறிப்புகள் எங்கேயும் வரவில்லை. "யோவேல் 4:14" என்று ஒன்று. யோவேலில் மூன்றே அதிகாரம். "மல்கியா 3:23" என்று ஒன்று. மல்கியா மூன்றாம் அதிகாரத்தில் 18 வசனம்தான்.

அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் ஞாபகம் தடுமாறிவிட்டது, அதைப் போய் அம்மாவுக்குப் போட்டுக் காட்டாதே" என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு ஒத்துவாக்கியம் தப்பாகச் சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிறு சபைக்கு முன்னால் திருத்திச் சொல்கிற மனுஷன் அவர். இந்த எண்களை நான் சரிசெய்துவிடலாமா? அப்படிச் செய்தால் எந்தக் கணக்கில் செய்வது?


வரிக்கு வரி:

அக்கா, உங்கள் அப்பா தடுமாறவில்லை. அவர் எபிரெய வேதாகமத்தை வைத்து எழுதியிருக்கிறார். நீங்கள் கொடுத்த உதாரணங்கள் எல்லாமே அதைத்தான் சொல்கின்றன.

சங்கீதங்களுக்கு மேலே நம் வேதாகமத்தில் அடைப்புக்குள் ஒரு தலைப்பு வருமே, 'இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்ட' என்று, அதற்கு நம்மிடம் வசன எண் கிடையாது. எபிரெயத்தில் அந்தத் தலைப்பும் பாடத்தின் பகுதி, அதற்கும் எண் உண்டு. தலைப்பு ஒரு முழு வசனமாக இருந்தால் அதன் பிறகு எல்லாம் ஒன்று தள்ளும். 51ஆம் சங்கீதத்தின் தலைப்பு நீளம். நாத்தான் வந்த கதையெல்லாம் அதில் இருப்பதால் இரண்டு வசனமாக எண்ணியிருக்கிறார்கள். அதனால் நம்முடைய 10 அங்கே 12. இப்படி இரண்டு தள்ளுகிறவை 51, 52, 54, 60 ஆகிய நான்கு சங்கீதங்கள்தான். 23இல் 'தாவீதின் சங்கீதம்' என்ற சின்னத் தலைப்பு முதல் வசனத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, 32இலும் அப்படித்தான். ஆகவே அங்கே தள்ளல் இல்லை.

யோவேலுக்கு எபிரெயத்தில் நான்கு அதிகாரம். நம்முடைய 2:28 முதல் 32 வரை அங்கே தனி அதிகாரம், அதுதான் மூன்றாவது. நம்முடைய மூன்று அங்கே நான்கு. அவர் எழுதிய 4:14 நம்முடைய 3:14, நியாயத்தீர்ப்பின் பள்ளத்தாக்கு. குறிப்பு அதைப் பற்றித்தானா என்று பாருங்கள். மல்கியாவில் நேர்மாறு. எபிரெயத்தில் மூன்றே அதிகாரம், மூன்றாவது 24 வசனம் வரை போகும். 3:23 நம்முடைய 4:5, எலியா வருகிற வசனம்.

வராமல் போன குறிப்புகளின் கதை இதுதான். தமிழ் பைபிளில் இல்லாத வசன எண்ணோடு ஒரு குறிப்பைக் கட்டினால், அதைத் திறக்க உங்களுக்கு வாசல் இல்லை. பிழைச் செய்தியும் வராது. 51:20, 51:21 என்று ஏதாவது எழுதியிருந்தால் அவையும் காணாமல் போயிருக்கும், ஏனென்றால் நம்மிடம் அது 19 வசனம்தான். சுவோர்ட் என்ற இன்னொரு வேதாகம மென்பொருள் திட்டத்தின் மாட்யூல்களில் (செயலியில் சேர்க்கிற நூல் கோப்புகளில்) இது வேறு மாதிரி நடக்கும். இல்லாத வசனத்தின் பாடத்தை அதற்கு முந்தின வசனத்தோடு ஒட்டிவிடும். அங்கே மாட்யூல் தயாரிப்பவர் எந்த வசன எண் முறை என்று அறிவிக்கவில்லை என்றால் கிங் ஜேம்ஸ் என்ற பழைய ஆங்கில வேதாகமத்தின் முறை என்றே எடுத்துக்கொள்ளும். எபிரெயத்துக்கு 'லெனின்கிராட்' என்ற எண் முறையை அறிவிக்க வேண்டும்.

தொகுதிக் குறிப்புகள் சுலபம். விளக்கவுரை அட்டவணையில் தொடக்க அதிகாரம், தொடக்க வசனம், முடிவு அதிகாரம், முடிவு வசனம் என்று நான்கு பத்தி உண்டு. உங்கள் அண்ணன் மகன் முடிவுப் பத்திகளைக் காலியாக விட்டிருப்பான். 51, 1, 51, 6 என்று நான்கையும் நிரப்பச் சொல்லுங்கள்.

எண்ணைத் திருத்துவது பற்றிக் கேட்டீர்கள். எக்செல்லில் அப்பா எழுதிய எண்ணை அழிக்காதீர்கள். பக்கத்தில் 'இணைப்பு எண்' என்று புதுப் பத்தி போடுங்கள். செயலிக்குப் போவது இணைப்பு எண். குறிப்பின் முதல் வரியில் அப்பாவின் எண் அப்படியே நிற்கட்டும்.


உபதேசியார் மகள்:

தம்பி, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். அந்தக் காலத்தில் எங்கள் சேகரத்தில் (சபை வட்டாரத்தில்) போதகராக இருந்த ஐயர் ஒருவரிடம் அப்பா சாயங்காலம் சாயங்காலம் சைக்கிளில் போய் எபிரெயம் படித்தாராம். "யாரிடமும் சொல்லாதே, உபதேசியாருக்கு எதுக்கு எபிரெயம்னு கேப்பாங்க" என்றாராம். டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கறுப்பு அட்டை போட்ட சின்ன எபிரெய வேதாகமம் இருக்கிறது. சின்ன வயசில் அதை நான் பார்த்திருக்கிறேன். பின்னாலிருந்து திறக்கிற புத்தகம், பைண்டர் தலைகீழாகத் தைத்துவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

யோவேல், மல்கியா இரண்டும் நீங்கள் சொன்னபடியே இருக்கின்றன. பள்ளத்தாக்கும் எலியாவும்தான்.

அப்படியானால் இரண்டாம் நோட்டு முழுவதற்கும், தள்ளுகிற சங்கீதங்களில் ஒன்றோ இரண்டோ கழித்துவிடலாமா? அண்ணன் மகன் ஒரே சூத்திரத்தில் போட்டுவிடலாம் என்கிறான்.


பழைய வாத்தியார்:

அம்மா, சூத்திரம் போடுவதற்கு முன் ஒரு நிமிஷம்.

இரண்டாம் நோட்டின் தொடக்கத்தில் அவர் தமிழ் வேதாகம எண்ணில்தான் எழுதிக்கொண்டிருந்தாரா, எந்தப் பக்கத்தில் மாறினார் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. ஒரே வாரத்தில் இரண்டு புத்தகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து எழுதியிருக்கவும் கூடும். கண்ணை மூடிக்கொண்டு கழித்தால் சரியாக இருந்த குறிப்புகளும் கெட்டுப்போகும். கழித்தபின் எது கெட்டது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

13ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். நம்மிடமும் ஆறு வசனம், எபிரெயத்திலும் ஆறு வசனம். மொத்தத்தை மட்டும் பார்த்தால் வேறுபாடே இல்லை என்று தோன்றும். ஆனால் எபிரெயத்தில் தலைப்பு முதல் வசனம். கடைசியில் நம்முடைய 5, 6 இரண்டும் சேர்ந்து அங்கே 6. நடுவில் எல்லாம் ஒன்று தள்ளியிருக்கும். சூத்திரம் கழித்தால் 13:6க்கு எழுதியது 5இல் மட்டும் நிற்கும். அவர் மனதில் இருந்தது இரண்டு வசனமும்.

குறிப்புக்குள்ளே வருகிற 'காண்க' எண்களையும் மறக்காதீர்கள். "காண்க சங் 34:9" என்று எழுதியிருந்தால் அது 'ருசித்துப்பாருங்கள்' என்ற நம்முடைய 34:8ஆக இருக்கலாம். அதே வரியில் பேதுருவுக்கோ ரோமருக்கோ ஒரு எண் கொடுத்திருப்பார், அது புதிய ஏற்பாடு, அதைத் தொடக்கூடாது.

உங்கள் அப்பா ஒரு நல்ல வேலை செய்திருக்கிறார், அது உங்களுக்குக் கை கொடுக்கும். 'சிருஷ்டியும் —', 'அமர்ந்திருந்து —' என்று, விளக்கப்போகிற சொல்லைத் தலையில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு எழுதுகிறார். யூத உரையாசிரியர்களின் வழக்கமும் இதுதான். ராஷி வசனத்திலிருந்து ஒரு சொல்லைத் தலைச்சொல்லாக எடுப்பார், அதன் பின் விளக்குவார். யூத நூல்களுக்கான செஃபாரியா இணையதளத்தில் ஒரு வசனத்தைத் தொட்டால் பக்கத்தில் ராஷியும் இபன் எஸ்ராவும் திறக்கிறார்களே, அங்கே ஒரு வசனத்துக்கு ராஷி மூன்று சொல்லை எடுத்திருந்தால் மூன்றும் தனித்தனிப் பதிவாகவே இருக்கும். எண் வசனத்தைக் காட்டும், தலைச்சொல் வசனத்துக்குள் எந்த இடம் என்பதைக் காட்டும்.

நமக்கு இது புதிது இல்லை. நான் தமிழ் ஆசிரியராக இருந்தவன். குறளுக்கு உரைகளை இணைத்து ஒரு கோப்பு செய்யப் போய், இதே பள்ளத்தில் விழுந்திருக்கிறேன். நாம் இன்று சொல்கிற குறள் எண் பரிமேலழகர் வரிசை. மணக்குடவர் உரையில் பல அதிகாரங்களுக்குள் குறள் வரிசை வேறு. எண்ணை வைத்து மணக்குடவரை இணைத்தேன், பத்துக் குறளுக்கு நான்கில் உரை ஒன்றும் குறள் ஒன்றுமாக நின்றது. கடைசியில் எண்ணை விட்டுவிட்டுக் குறளின் முதற்சீரை வைத்துத்தான் இணைத்தேன்.

அதையே இங்கே செய்யுங்கள். எக்செல்லில் தமிழ் வேதாகமத்தின் வசனங்களை ஒரு தாளில் வையுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் தலைச்சொல்லைத் தனிப் பத்தியில் எடுங்கள். அந்தச் சொல் அப்பா போட்ட எண்ணுள்ள வசனத்தில் இருக்கிறதா, அதற்கு ஒன்று முந்தின வசனத்தில் இருக்கிறதா, இரண்டு முந்தினதில் இருக்கிறதா என்று மூன்று பத்தியில் ஆம், இல்லை என்று வரட்டும். இரண்டு எச்சரிக்கை. சொல்லின் வால் மாறியிருக்கும், ஆகவே முதல் நாலைந்து எழுத்தை மட்டும் தேடுங்கள். 'கர்த்தர்', 'தேவன்' போன்ற தலைச்சொற்கள் எல்லா வசனத்திலும் இருக்கும், அவற்றைக் கணினி சொல்வதை நம்பாமல் கண்ணால் பாருங்கள்.

நோட்டில் தேதி இருந்தால் அதையும் ஒரு பத்தியில் போடுங்கள். எங்கே மாறினார் என்பது தானே தெரியும்.


காவேரிக்கரை:

நான் கத்தோலிக்கன், திருச்சியிலிருந்து. எங்கள் பக்கத்துச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், சகோதரிக்கு உதவாவிட்டாலும் இங்கே தேடி வருகிற வேறு யாருக்காவது உதவும்.

பழைய திருச்சபைத் தந்தை அகுஸ்தினாரின் திருப்பாடல் (உங்கள் சங்கீதம்) உரையை என் சொந்த உபயோகத்துக்கு மாட்யூலாக்கினேன். அவர் இலத்தீன் எண்ணில் எழுதியவர். இலத்தீன் வுல்காத்தாவும் கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பும் 9, 10 இரண்டையும் ஒரே பாடலாக எண்ணுகின்றன. அதனால் நம்முடைய 23 அங்கே 22. உங்கள் 51 அவருக்கு 50. 114, 115 இரண்டும் சேர்ந்து 113. 116 இரண்டாகப் பிரிந்து 114, 115. கடைசியில் 147 அங்கே 146, 147 என்று இரண்டாவதால் கணக்கு நேராகி, 148, 149, 150 மூன்றுக்கும் எண்கள் மறுபடி ஒன்றாகிவிடுகின்றன.

நான் எப்படி ஏமாந்தேன் என்றால், மாட்யூலை முடித்துவிட்டு முதல் பாடலையும் 150ஆம் பாடலையும் திறந்து சோதித்தேன். இரண்டும் அழகாகப் பொருந்தின. எட்டு மாதம் அதையே வைத்து வாசித்தேன். ஒரு நாள் தவக்காலத்தில் 51ஐத் திறந்தால் 52க்குரிய உரை வருவது போலத் தோன்றி, எடுத்துப் பார்த்தால் 10க்கும் 147க்கும் நடுவில் முழுவதும் தவறு. அன்றிலிருந்து 1, 150 இரண்டையும் வைத்து நான் எதையும் சோதிப்பது இல்லை. 13, 23, 51, 116, 147 ஆகிய ஐந்தையும் பார்ப்பேன். பிறகு யோவேல், மல்கியா.

இன்னொன்றும் உண்டு. இலத்தீனில் தலைப்புக்கும் எண் உண்டு. ஆகவே உங்கள் அப்பா விளக்கிய அந்த 'சிருஷ்டியும்' இலத்தீனில் 50:12. அதிகாரம் ஒன்று குறைகிறது, வசனம் இரண்டு கூடுகிறது. அதிகாரத்தை மட்டும் திருத்திவிட்டு முடிந்தது என்று நினைத்தவர்களின் மாட்யூல்களை நான் பார்த்திருக்கிறேன். மைபைபிளில் 'ரஷ்ய எண் முறை' என்று ஓர் அமைப்பு உண்டு, ரஷ்ய வேதாகமம் கிரேக்க எண்ணைப் பின்பற்றுவதால் அந்தப் பெயர். வேறு முறையில் தயாரான விளக்கவுரையை இறக்கினால் முதலில் அந்த அமைப்பு என்னவாக இருக்கிறது என்று பாருங்கள்.


வரிக்கு வரி:

வாத்தியார் ஐயா சொன்ன வழி நான் சொன்னதைவிட நல்லது. நான் கணக்கை மட்டும் பார்த்தேன்.

அக்கா, தலைச்சொல் சோதனையில் சந்தேகம் வருகிற இடங்களுக்கு ஒரு துணை. ஆண்ட்பைபிள் என்ற இலவசச் செயலியில் கிங் ஜேம்ஸையும் வெஸ்ட்மின்ஸ்டர் லெனின்கிராட் எபிரெயத்தையும் இரண்டு ஜன்னலில் திறங்கள். ஜன்னல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நகரும். அது எண் முறையை மாற்றிப் புரிந்துகொள்வதால், ஒன்றில் 51:10க்குப் போனால் மற்றதில் 51:12 வரும். எபிரெயம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். தமிழ் எண் பெரும்பாலும் கிங் ஜேம்ஸை ஒட்டியே போகும். முழு அட்டவணையாகவே வேண்டுமென்றால், ஸ்டெப் பைபிள் குழுவினர் எபிரெயம், கிரேக்கம், இலத்தீன், ஆங்கிலம் என்று வசன எண் வேறுபாடுகளைத் தொகுத்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் மகனிடம் சொன்னால் எடுத்துவிடுவான்.

'காண்க' எண்களைத் தொடும்படி செய்வதற்கு: இணைப்பின் முகவரியில் ஆங்கில எழுத்து 'பி' பெரியதாக, பிறகு முக்காற்புள்ளி, புத்தக எண், ஓர் இடைவெளி, அதிகாரமும் வசனமும். சங் 34:8 என்றால் புத்தக எண் 230. வெளியே தெரிகிற எழுத்தில் அப்பாவின் 34:9 இருக்கலாம், உள்ளே போகிற முகவரி 34:8. வாசிப்பவர் தொட்டால் சரியான இடத்துக்குப் போவார், அப்பாவின் கை எழுதியதும் மாறாது.


உபதேசியார் மகள்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். உங்கள் எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, செய்ததைச் சொல்கிறேன்.

தலைச்சொல்லைத் தனிப் பத்தியில் எடுக்கவே எட்டு நாள் ஆனது. பிறகு சோதித்தோம். 612இல் 431 குறிப்புக்கு அப்பா போட்ட எண்ணிலேயே சொல் கிடைத்தது. 118க்கு ஒன்று முந்தின வசனத்தில். 27க்கு இரண்டு முந்தினதில். அந்த 27உம் 51, 52, 54, 60 என்ற நான்கு சங்கீதங்களுக்குள்ளேயே இருந்தன, ஒன்றுகூட வெளியே போகவில்லை. மீதி 36. அவற்றைக் கண்ணால் பார்த்தேன். யோவேலும் மல்கியாவும் அதில் வந்துவிட்டன, 13ஆம் சங்கீதத்தின் கடைசிக் குறிப்பும் அதில்தான். வாத்தியார் ஐயா, நீங்கள் சொன்னபடி அதை 13:5–6 என்று இரண்டு வசனத்துக்கும் சேர்த்துக் கட்டினேன்.

தேதியையும் போட்டேன். இரண்டாம் நோட்டு 44ஆம் பக்கம், 1983 லெந்து நாட்கள் (தவக்காலம்). அதற்கு முந்தின பக்கம் வரை எல்லாம் தமிழ் எண். 44ஆம் பக்கத்திலிருந்து எல்லாம் எபிரெய எண். ஒரு குறிப்பில்கூட மாற்றி எழுதவில்லை. பக்கத்தின் மூலையில் மிகச் சின்னதாக ஓர் எழுத்து இருக்கிறது, கறை என்று நினைத்து நான் தட்டச்சு செய்யாமல் விட்டது. எபிரெயத்தின் முதல் எழுத்து 'ஆலெப்'. அன்றைக்கு ஆரம்பிக்கிறேன் என்று தனக்கே அடையாளம் வைத்திருக்கிறார் போல.

அண்ணனை வரச் சொல்லிக் காட்டினேன். முதலில் நம்பவில்லை. நானாகப் பொருத்திக்கொண்டேன் என்றான். டிரங்குப் பெட்டி வேதாகமத்தைக் கையில் கொடுத்தேன். அவனுக்கும் எபிரெயம் தெரியாது, ஆனால் யோவேல் எத்தனை அதிகாரம் என்று எண்ணத் தெரியும். எண்ணினான். நான்கு. அந்தப் பக்கத்தில் பென்சிலால் அப்பா தமிழில் '= 3' என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு சங்கீதத்தின் தலையிலும் அப்படியே, '−1', '−2', சிலவற்றில் '0'. நாங்கள் மூன்று வாரம் செய்த அட்டவணை அவர் ஓரத்தில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி, வராமல் போன குறிப்புகளை எல்லாம் அவனே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரி பார்த்துக் கொடுத்தான்.

தலைப்பைப் பற்றியே எழுதிய குறிப்புகள் ஒன்பது. தமிழில் தலைப்புக்கு எண் இல்லாததால் அவற்றை முதல் வசனத்தில் கட்டி, 'தலைப்பு —' என்று தலைச்சொல் போட்டுவிட்டேன். இதைவிட நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள்.

காவேரிக்கரை ஐயா சொன்ன ஐந்து சங்கீதங்களையும் அம்மா போனிலேயே திறந்து பார்த்தேன். எல்லாம் நிற்கின்றன. அம்மா 51ஐத்தான் முதலில் தொட்டாள். குறிப்பின் தலையில் '51:12' என்று அப்பாவின் எண்ணும் அடியில் 'தமிழில் 51:10' என்று என் எண்ணும் இருப்பதைப் பார்த்து எதற்கு இரண்டு என்று கேட்டாள். சொன்னேன். "அப்போ அந்த சைக்கிள் போனது வீண் இல்லை" என்றாள்.

இனி மூன்றாம் நோட்டு. 119ஆம் சங்கீதம் ஒன்றே பாதி நோட்டை எடுத்துக்கொண்டிருக்கிறது. எட்டு எட்டு வசனமாக 22 பகுதி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தொகுதிக் குறிப்பும் அதற்குள் தலைச்சொல் குறிப்புகளும். முடிவு வசனப் பத்தியை இந்தத் தடவை முதலிலிருந்தே நிரப்பிக்கொண்டு போகிறேன். அந்தச் சங்கீதத்தில் தலைப்பு இல்லை, இரண்டு எண்ணும் ஒன்றுதான். அப்பாவும் மேலே '0' என்று போட்டிருக்கிறார். இன்றைக்கு எட்டாம் வசனம் வரை முடித்தேன்.